கொட்டச் சொல்லாத தண்ணீர்

ஒரு கிழங்கு கசக்கிறது என்று ஒருத்தியின் நாக்கு சொல்லும்போது, அதை மறுக்கும் உரிமையை ஒரு பட்டம் எனக்கு எப்படிக் கொடுத்தது? சித்தூருக்கும் திருப்பதிக்கும் போய்வந்த ஆறு நாட்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் மலையும் கோபுரமும் நினைவுக்கு வருவதில்லை. இந்தக் கேள்விதான் வருகிறது.

அரிசி மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த அறுபதுகளின் ஒரு கோடை அது. சென்னையில் நான் வேலை பார்த்த மாதர் தொண்டு அமைப்பு, சோற்றுக்கு மாற்றாகக் கிழங்குகளை வீட்டுச் சமையலுக்குள் கொண்டுவருவது என்று தீர்மானித்திருந்தது. எல்லைக்கு அப்பால் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மரவள்ளிச் சமையலைச் செய்துகாட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. மனையியலில் பட்டம் வாங்கி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. கும்பகோணத்தில் மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்தவள் நான். மரவள்ளியை அதுவரை ஆறேழு முறை சமைத்திருப்பேன். அத்தனை முறையும் கல்லூரிச் சமையல் கூடத்தில், ஒரே கடையில் வாங்கிய கிழங்கை.

வழிமுறைத் தாளை நானே எழுதினேன். தோலை மெல்லியதாகச் சீவவும். பாத்திரத்தை மூடி வேகவைக்கவும். வெந்த நீரைக் கொட்டாதீர்கள். சத்து அதில்தான் இருக்கிறது. அந்த நீரில் ரசம் வைக்கலாம். எங்கள் கல்லூரியில் காய்கறி வெந்த நீரைத் தொட்டியில் ஊற்றுகிற மாணவிக்கு மதிப்பெண் குறையும். அந்தப் பாடம் எனக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. காரட்டுக்கும் கீரைக்கும் அது சரி. எல்லாக் கிழங்குக்கும் அது சரிதானா என்று நான் யாரையும் கேட்கவில்லை. தாளின் அடியில் அமைப்பின் பெயர் இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை.

முதல் நாள், எல்லைச் சாவடியில் பேருந்து நின்றது. எதிர்த்திசையிலிருந்து வந்த பேருந்தையும் நிறுத்தி அரிசி தேடிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து இறங்கிய ஒரு பெண்ணின் வயிற்றைப் பார்த்துக் காவலர் தெலுங்கில் கேட்டார்: "என்னம்மா, ஆறு மாசமா, ஆறு படியா?"

அவள் சளைக்கவில்லை. "நீயே பிரசவம் பாரேன். பொண்ணா இருந்தா உன் பேரை வைக்கிறேன்" என்றாள். இரண்டு பேருந்துகளும் சிரித்தன. சிரித்துக்கொண்டே அவளைச் சாவடிக்குள் அழைத்துப் போனார்கள். வெளியே வந்தபோது வயிறு இல்லை. யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

அடுத்து என் பை. காவலர் ஒரு கிழங்கை எடுத்துத் தடியால் தட்டிப் பார்த்தார். "விறகா? மெட்ராஸில் விறகு மலிவா?"

"சாப்பிடுகிற கிழங்கு. சமைக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறேன்."

"போங்கம்மா, போங்க. அரிசியை நாங்க பிடுங்குறோம், கட்டையை நீங்க கொடுங்க" என்று பையைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நாளில் அரசாங்கத்தைப் பற்றி நான் கேட்ட மிக நேர்மையான சொல் அது. ஆனால் அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

சித்தூரில் எஸ்தரம்மாவின் வீட்டில் தங்கினேன். பழைய மிஷன் சபையொன்றில் வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டும் வேலை அவருக்கு. தெருவில் எல்லாரும் 'பைபிள் அம்மா' என்பார்கள். நாற்பது வயதிருக்கும். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. குடியிருந்த ஒற்றை அறை சபைக்குச் சொந்தம். வேலை இருக்கிறவரை வீடும் உண்டு. எட்டாவது வரை படித்திருந்தார். அந்தப் படிப்பைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், மாலையில் சபைக் கூடத்தில் எழுத்தறியாத பெண்களை உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தார். அதற்குச் சம்பளம் கிடையாது.

இரவுச் சாப்பாடு கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும். நான் களியை மென்றுகொண்டிருந்தேன். அது வாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

"இன்னாம்மா, மென்னுக்கினு கீற? களிய மெல்லக் கூடாது, முழுங்கணும்" என்றார் எஸ்தரம்மா. "கும்பகோணத்துப் பல்லுக்கு இங்க வேல இல்ல."

விழுங்கினேன். தொண்டையில் நின்றது. அவர் தண்ணீர்ச் செம்பை நகர்த்திவைத்துச் சிரித்தார். ஒரு ஊரின் உணவை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை முதல் வேளையிலேயே அவரிடம் கற்றுக்கொண்டவள், இரண்டு நாள் கழித்து அவர் சொன்னதைக் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் காலை சபைக் கூடத்தின் பின்புறம் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தேன். ஏறக்குறைய இருபது பெண்கள் வந்தார்கள். சென்னைக் கடையில் வாங்கி நான் பையில் கொண்டுவந்த கிழங்குகள் மாவாக வெந்தன. தேங்காயும் மிளகாயும் தாளித்துப் பிசைந்தேன். வெந்த நீரில் புளி கரைத்து ரசம் வைத்தேன்.

"இத்த வச்சிக் குடுத்தா எங்க ஊட்டு ஆளு என்னையே துன்னுடுவான்" என்றாள் ஒருத்தி.

"உன்னத் துன்னா அவனுக்குத்தான் வயித்த வலி" என்றாள் இன்னொருத்தி. ஆனால் தட்டுகள் காலியாயின.

அப்போது எஸ்தரம்மா ஓர் இளம்பெண்ணை முன்னால் தள்ளினார். "சலோமி, நீ படி. மெட்ராஸ்ல இருந்து வந்த பேப்பரு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

சலோமிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கணவர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஐந்து வயது மகள் ஜெயா அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சலோமி என் வழிமுறைத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகத்தில் வியர்வை. விரலை எழுத்தின்மேல் வைத்து, "வெ... ந்... த... வெந்த. நீ... ரை... நீரை. கொட்... டா... தீர்... கள்" என்று முடித்தபோது பெண்கள் கை தட்டினார்கள். மகளும் தட்டினாள், எதற்கென்று தெரியாமல்.

"போன கிறிஸ்மஸுக்கு இவளுக்கு 'அ'னா தெரியாது" என்று எஸ்தரம்மா என் காதில் சொன்னார். "கடைக்காரன் கட்டிக் குடுக்குற காகிதத்த எல்லாம் பிரிச்சிப் படிக்கிறா இப்போ. ஒரு பேப்பரு அவ கைக்குன்னு வந்தது இதுதாம்மா மொதல்ல."

சலோமி அந்தத் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் பெருமிதம் அடைந்தேன். எழுத்தறிவும் ஊட்டச்சத்தும் ஒரே இடத்தில் சந்தித்ததாக அன்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, சேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவர் எங்கள் அமைப்புக்கு நன்கொடையாக அனுப்பிய மூட்டை லாரியில் வந்து இறங்கியது. பறித்த மரவள்ளி இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காது. அன்றே வீடுகளுக்குப் பிரித்துவிட வேண்டும். எனக்குத் திருப்பதிப் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

எஸ்தரம்மா ஒரு கிழங்கை உடைத்தார். தோலை நகத்தால் உரித்து ஒரு துண்டைக் கடித்தார். உடனே வாசலில் துப்பினார்.

"ஏம்மா, இது கசக்குதே. நீ கொண்டாந்தது இப்படி இல்ல."

"பச்சையாக எந்தக் கிழங்கும் நன்றாக இருக்காது அக்கா. வெந்தால் சரியாகிவிடும்."

"கசக்குற கெழங்க நறுக்கி ஊறப்போட்டு, மொதத் தண்ணிய கொட்டிட்டுத்தானே வேக வெப்பாங்க? எங்க அண்ணன் ஊரு வெதுருகுப்பம் பக்கம், மழ இல்லாத வருசத்துல குன்றுல தோண்டின கெழங்கு துன்னுக்கினுதான் கெடந்தோம். தண்ணிய கொட்டாம யாரும் அடுப்புல ஏத்த மாட்டாங்க."

"அது காட்டுக் கிழங்கு. இது பயிரிட்ட கிழங்கு. தண்ணீரைக் கொட்டினால் சத்து முழுவதும் போய்விடும் அக்கா. தாளில் தெளிவாக எழுதியிருக்கிறதே."

அவர் கையிலிருந்த துண்டை மறுபடி பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ படிச்ச பொண்ணு. படிச்சவங்க சும்மாவா எழுதுவீங்க?" என்றார். அதில் கேலி இருந்ததா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்துவிட்டேன். கேலி இல்லை. இருந்திருக்கலாமே என்று ஏங்குகிறேன்.

அந்த மூட்டையிலிருந்தே பத்துக் கிழங்குகளை என் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது எஸ்தரம்மா கூடையில் கிழங்கை அடுக்கிக்கொண்டிருந்தார். தெருத் தெருவாக அதைத் தூக்கிக்கொண்டு போய், 'பயப்படாதீங்க, நான் சொல்றேன்' என்று அவர் கொடுத்ததைப் பின்னால் கேள்விப்பட்டேன். ஒன்பது வீடுகள் வாங்கிக்கொண்டன. என் தாளை நம்பி வாங்கியவை அல்ல அவை. அவருடைய சொல்லை நம்பி வாங்கியவை.

திருப்பதிப் பேருந்தில் வெல்ல வாசனையும் மொட்டைத் தலைகளும். பாதி வழியில் என்ஜின் கொதித்து ஆவி விட்டது. நடத்துனர் நிலக்கடலைக் கொல்லையின் கிணற்றுக்கு வாளியோடு போனார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் முன்சீட்டுக்காரரிடம் தெலுங்கில் சொல்லிக்கொண்டு வந்தார்: "மேலே பெருமாளுக்கு மூன்று வேளையும் அரிசி தவறுவதில்லை. நம் வீட்டுக்குத்தான் வருவதில்லை. அவருக்கும் ரேஷன் அட்டை கொடுத்துப் பார்த்தால் தெரியும்." முன்சீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார், பொத்திக்கொண்டே சிரித்தார். ஒன்றரை மணி நேரம் அங்கே நின்றோம். வயிற்றைப் பற்றி மக்கள் இவ்வளவு துணிந்து பேசுவதைக் கும்பகோணத்தில் நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் பசியை மறைப்பது மரியாதை.

திருப்பதியில் கோதை வீடு. எனக்கு இரண்டு மூன்று வயது மூத்தவர், மூன்று குழந்தைகள். கணவர் மலைக்கோயிலில் கைங்கர்யம் செய்யும் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். முறை வந்து மேலே போயிருந்தார். கோதையின் அத்தை எங்கள் அமைப்பில் உறுப்பினர். அந்த உறவின் தயவில்தான் அந்த வீட்டில் எனக்கு இடம் கிடைத்தது.

"உள்ளே முடியாது" என்று கோதை முதலிலேயே சொல்லிவிட்டார். "ஆத்துல தளிகை பண்றது பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிட்டுத்தான் நாங்க சாப்பிடறது. பேர் தெரியாத கிழங்கை அவர் முன்னாடி கொண்டுபோய் வைக்க முடியுமோ? கொல்லையில அடுப்பு மூட்டித் தரேன். அங்க உங்க இஷ்டம்."

நான்காம் நாள் காலை அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் கொல்லையில் கூடினார்கள். நான் அடுப்படிக்குப் போனபோது கிழங்குகள் ஏற்கனவே தடிமனாகத் தோல் உரிக்கப்பட்டு, மெல்லிய துண்டுகளாக ஒரு பெரிய அண்டாத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன.

"விடிகாலம்பற குழாய்ல தண்ணி வரச்சே நறுக்கிப் போட்டுட்டேன்" என்றார் கோதை. சொல்லிக்கொண்டே அந்தத் தண்ணீரை வாழையடியில் சாய்த்தார். வேறு தண்ணீரும் ஒரு பிடி புளியிலையும் போட்டு, மூடாமல் கொதிக்கவிட்டு, அதையும் சாய்க்கப் பாத்திரத்தைத் தூக்கினார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். "அதைக் கொட்டாதீர்கள்! சத்தெல்லாம் போய்விடும்."

"சத்து போனாப் போறது. மொதல்ல காறல் போகட்டும்." கொட்டிய தண்ணீரிலிருந்து வாழையடியில் ஆவி பறந்தது. "ஏன், உங்க காலேஜ்ல கருணைக்கிழங்கு தளிகை பண்ணினதே இல்லையா?"

"இது கருணை அல்ல. இதற்கு அந்த முறை வேண்டாம்."

"மொகம் தெரியாதவாளை நேரா உள்ள விடுவோமோ? வாசல்ல நிறுத்தி யாரு, எந்த ஊருன்னு கேக்க மாட்டோமா? அப்படித்தான் கிழங்கும்" என்றார். பெண்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒருத்தி, "பாவம், மெட்ராஸ்ல இருந்து தண்ணியக் காப்பாத்த வந்திருக்கா" என்றாள்.

மூன்றாவது தண்ணீரில்தான் அந்தக் கிழங்கு வெந்தது. கறிவேப்பிலையும் மிளகும் போட்ட கறியை அவர்கள் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. ரசம் வைக்கத் தண்ணீர் இல்லாததால் என் செய்முறை பாதியில் நின்றது. அன்று மாலை குறிப்பேட்டில் எழுதினேன்: 'பழக்கத்தின் பிடி வலுவானது. இவ்வகைக் குடும்பங்களில் அறிவியல் முறையைப் புகுத்துவது கடினம். சித்தூர்ப் பெண்கள் ஏற்றுக்கொள்ளும் மனமுடையவர்கள்.'

அதே வேளையில் சித்தூரில் சலோமி என் தாளை அடுப்புக்கு எதிரே சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் நண்பகலில் சித்தூருக்குத் திரும்பினேன். எஸ்தரம்மாவின் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. சலோமியும் அவ பொண்ணும் கெழங்கு துன்னு வாந்தி எடுத்து உழுந்துட்டாங்க. சலோமி எழுந்துட்டா. பொண்ணு கண்ணத் தெறக்கல. வெல்ல லாரியில போட்டுக்கினு ஓடினாங்க."

"மற்ற வீடுகளில்?"

"நாங்க துன்னல. கசந்துது, ஆட்டுக்கும் வைக்காம குப்பையில கொட்டிட்டேன்." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேற சில ஊட்ல தண்ணிய கொட்டிட்டு வேக வெச்சாங்களாம். பேப்பர்ல போட்டபடி செஞ்சது சலோமி ஒருத்திதான். அவதான் படிச்சவளாச்சே."

வேலூர்ப் பேருந்தில் ஏறினேன். அந்த வழியைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. சாவடியில் பேருந்து நின்றதா என்றுகூட நினைவில்லை.

குழந்தைகள் பிரிவின் கடைசிக் கட்டிலில் ஜெயா கிடந்தாள். மூக்கில் குழாய். சலோமி தரையில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எஸ்தரம்மா நின்றுகொண்டிருந்தார், இரண்டு நாளில் இன்னும் சிறுத்துப்போனதுபோல் இருந்தார். ஊசி போட வந்த செவிலி கேரளத்துப் பெண். அவள் மலையாளம் கலந்து கேட்டதன் பொருள் இது: "மரவள்ளி வெந்த தண்ணீரை எங்கள் ஊரில் கோழிக்குக்கூட வைக்க மாட்டார்கள். அதில் ரசம் வைத்துக் குழந்தைக்கு ஊற்றியிருக்கிறீர்கள். ஆலை மாவுக்கு வளர்க்கும் கசப்பு ரகம், நச்சு முழுவதும் தண்ணீரில்தான் இறங்கும். யார் உங்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தது?"

என் பையில் நாற்பது தாள்களுக்குமேல் இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தாம்மா" என்றார் எஸ்தரம்மா.

திறப்பதற்குள் என்று எழுதிவிட்டேன். அது சரியில்லை. நேரம் இருந்தது. செவிலி ஊசியை எடுத்து, மருந்து ஏற்றி, குழந்தையின் கையைத் துடைத்து, குத்தி, பஞ்சு வைத்து அழுத்தும்வரை நேரம் இருந்தது. நான் சொல்லியிருந்தால் மருத்துவத்தில் எதுவும் மாறியிருக்காது. என்ன தின்றார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காரணத்தைத்தான் அப்போது எனக்குள் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம். அதைச் சொல்லிக்கொண்டே செவிலி போவதற்காகக் காத்திருந்தேன்.

வராந்தாவில் எஸ்தரம்மாவிடம் கேட்டேன்: "ஏன் அப்படிச் சொன்னீர்கள் அக்கா? எழுதியது நான்தானே?"

"எழுதினது நீ. ஊடு ஊடாப் போயி குடுத்தது யாரு?" அவர் குரல் உயரவில்லை. "என் நாக்குக்குத் தெரிஞ்சிதும்மா. வாசல்ல துப்பினேன் இல்ல? துப்பின வாயாலதான் சலோமிகிட்ட 'பேப்பர்ல இருக்குறபடி செய்யி'ன்னேன். நீ நாளைக்கு ரயிலேறிடுவ. நான் அந்தத் தெருவுலதான் நடக்கணும்."

"சபையாரிடம் நான் பேசுகிறேன்."

"பேசு" என்றார். நான் பேசுவேன் என்று நம்பிச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆறாம் நாள் காலை ஜெயா கண் திறந்தாள். முதலில் தண்ணீர் கேட்டாள். பிறகு சோறு கேட்டாள். சலோமி அழுதாள். எஸ்தரம்மா கட்டிலருகே மண்டியிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நானும் சுவரில் சாய்ந்து அழுதேன். அந்த அழுகையில் எவ்வளவு குழந்தைக்காக, எவ்வளவு எனக்காக என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

பதினோரு மணிக்குச் சபைப் போதகர் வந்தார். நல்ல மனிதர், நடந்தே வந்திருந்தார் போலும், செருப்பெல்லாம் புழுதி. செவிலியிடம் விசாரித்துவிட்டு என்னிடம் வந்தார். "மன்னிக்க வேண்டும் அம்மா. நீங்கள் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து முறையாக எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். எங்கள் ஜனங்கள் புரிந்துகொள்ளாமல் இப்படிச் செய்துவிட்டார்கள். எஸ்தரம்மாவுக்குப் படிப்பு அவ்வளவுதான்."

எஸ்தரம்மா நான்கு அடி தள்ளி நின்றார். சலோமி தரையில். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "வழிமுறையில் ஒருசில விளக்கங்கள் விடுபட்டிருக்கலாம் ஐயா."

பொய் இல்லை. அதில் நான் இல்லை, அவ்வளவுதான். போதகர் என் பணிவைப் பாராட்டுவதுபோல் தலையசைத்தார்.

சலோமி எழுந்து வந்தாள். இடுப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். மடிப்புகளில் கிழிந்து, ரசக் கறை படிந்திருந்தது. அதை என்னிடம் நீட்டவில்லை, எஸ்தரம்மாவிடம் நீட்டினாள்.

"அக்கா, கொட்டாதீர்கள்னுதான் படிச்சேன். ஒரு எழுத்துகூட விடல. கொட்டுங்கள்னா போட்டிருக்குது? நான் தப்பாக் கூட்டிட்டேனா?"

"இல்ல சலோமி. நீ சரியாத்தான் படிச்ச" என்றார் எஸ்தரம்மா.

சலோமி நம்பவில்லை. சரியாகப் படித்தால் எப்படிக் குழந்தை சாகக் கிடக்கும்? அவள் என் முகத்தைப் பார்த்தாள். எழுதியவள் நான். நீ படித்தது சரி, எழுதியது பிழை என்று நான் சொல்லியிருந்தால், ஏழு சொல்கூட ஆகாது, அவள் நம்பியிருப்பாள். போதகர் பக்கத்தில் நின்றார். நான் குனிந்து ஜெயாவின் போர்வையைச் சரிசெய்தேன்.

சலோமி தாளை மறுபடி மடித்தாள். இந்த முறை இடுப்பில் செருகவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள்.

மாலை ரயிலில் சென்னைக்குத் திரும்பினேன். வழியெல்லாம் போதகருக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனத்தில் எழுதினேன். மறுநாளே காகிதத்திலும் எழுதினேன்: தாளை எழுதியது நான், கசக்கிறது என்று எஸ்தரம்மா எச்சரித்தார், தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்றும் சொன்னார், நான் மறுத்தேன். எதையும் மறைக்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு எளிய பெண்ணைக் காப்பாற்றப் பழியைத் தாங்களே ஏற்றுக்கொள்ள முன்வந்த பெருந்தன்மை சபையாரை நெகிழ்த்தியது என்று போதகர் எழுதியிருந்தார். எஸ்தரம்மாவே கூட்டத்தில் எழுந்து தம் தவறை ஒப்புக்கொண்டுவிட்டதால் வேலையிலிருந்து விலக்குவதைத் தவிர வேறு வழி இல்லை என்றும், வீட்டைக் காலி செய்து வெதுருகுப்பத்திலுள்ள தம் அண்ணனிடம் போய்விட்டார் என்றும், கர்த்தர் அவரைக் கைவிட மாட்டார் என்றும் இருந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாத உண்மை, அஞ்சலில் போனபோது பெருந்தன்மையாகிவிட்டது.

மறு ஆண்டு வேறொரு வேலையாகச் சித்தூர் போனேன். பேருந்து நிலையத்தில் வெதுருகுப்பம் வண்டி நின்றது. நிலக்கடலைக் கொல்லையில் எஸ்தரம்மா கூலிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். போயிருந்தால் ஒரு மன்னிப்பை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்; அவருக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஏறவில்லை. தெருமுனை நியாயவிலைக் கடை வரிசையில் சலோமியைப் பார்த்தேன். ஜெயா வளர்ந்திருந்தாள், தாயின் கையை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் பதிவேட்டைத் திருப்பிப் பேனாவை நீட்டினார். சலோமி பேனாவைப் பார்க்கவே இல்லை. மைப்பெட்டியில் கட்டைவிரலை ஒற்றினாள்.

வழிமுறைத் தாளைத் திருத்திவிட்டோம். 'முதல் இரண்டு நீரையும் கொட்டவும்' என்று இருக்கிறது. நான் எழுதும் எந்தத் தாளும் இப்போது என் பெயரும் முகவரியும் இல்லாமல் வெளியே போவதில்லை. கிழங்கை நறுக்கியதும் ஒரு துண்டை நானே கடித்துப் பார்க்கிறேன். சித்தூர்ச் சபைக் கூடத்தில் மாலை வகுப்பு நின்றுவிட்டது. சலோமி கைநாட்டு வைக்கிறாள்.